எழுத்தான ஒலி, எண்ணான குரல்

(தமிழ் மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

அலைவடிவங்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். யான் பேராசிரியன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வானொலிப் பெட்டியும் தொலைக்காட்சிப் பெட்டியும் ஒலிபெருக்கியும் பழுது பார்த்துப் பிழைத்தவன். புலவர் பெருமக்கள் நின்று பேசும் மேடையில் பற்றாசுக் கோல் பிடித்த கையன் என்ன பேசுவது என்று முதலில் தயங்கினேன். பின்னர் எண்ணிப் பார்த்தேன். புலவர்கள் காப்பது தமிழின் எழுத்தை. என் போன்றோர் கையாள்வது தமிழின் ஒலியை. இரண்டும் ஒரு தாயின் இரு கண்கள். ஆதலின் துணிந்து வந்தேன்.

ஒரு வரலாற்றோடு தொடங்குகிறேன்.

பிரான்சு நாட்டுப் பாரிசு நகரில் அச்சுத் தொழில் செய்தவர் எதுவார் லியோன் இசுக்காட்டு தெ மார்த்தென்வில் என்பார். பேச்சைத் தானே எழுதிக்கொள்ளும் கருவி ஒன்றை ஆக்க விரும்பினார். வாயகன்ற கூம்பு ஒன்று. அதன் முனையில் மெல்லிய தோல். தோலில் ஒட்டிய ஒரு மயிர். மயிரின் நுனி தொடும்படி, புகைக்கரி படிந்த தாள் சுற்றிய உருளை. கூம்பினுள் பேசினால் தோல் அதிரும், மயிர் ஆடும், சுழலும் தாளில் நெளிகோடு விழும். 1857-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எடிசன் ஒலிபதி பொறியைப் படைத்தது 1877-இல். ஆகவே எடிசனுக்கு 20 ஆண்டு முன்னரே மாந்தன் குரல் தாளில் ஏறிவிட்டது. ஆனால் அத்தாளைப் பேச வைக்கும் வழி அன்று எவர்க்கும் தெரியவில்லை. அது கண்டு மகிழும் கோடாகவே இருந்தது.

1860-ஆம் ஆண்டு ஏப்பிரல் 9-ஆம் நாள் அவர் தம் நாட்டு மக்கட்பாடல் ஒன்றின் சில அடிகளைப் பாடி அவ்வாறு பதிந்தார். 148 ஆண்டுகள் கழிந்து 2008-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் அத்தாளைப் படமெடுத்து, கோட்டைக் கணிப்பொறியில் எண்களாக்கி, அவ்வெண்களை மீண்டும் ஒலியாக்கினர். உலகம் வியந்து கேட்டது. ஓர் இளம் பெண்ணின் குரல் போல ஒலித்தது.

அன்பர்களே, அது பெண் குரல் அன்று! இசுக்காட்டு தாமே பாடியது! பிழை எங்கு நேர்ந்தது? பாட்டுக் கோட்டின் அருகிலேயே காலத்தை அளப்பதற்காக இசைக்கவையின் அதிர்வையும் அவர் பதிந்து வைத்திருந்தார். அந்நாளைய பிரெஞ்சு அறிஞர் ஒரு பக்கமாகச் செல்லும் செலவையே ஓர் அதிர்வு என எண்ணுவர். நாம் இன்று போய்த் திரும்பி வருவதையே ஓர் அதிர்வு என எண்ணுகிறோம். அவர்களுடைய 500 நமக்கு 250. இதனை உணராமல் இரு மடங்கு விரைவில் ஓட்டியதால் ஆடவன் குரல் பெண் குரலாயிற்று. அடுத்த ஆண்டே பிழை திருத்தப்பட்டது.

இதிலிருந்து இரண்டு உண்மைகளைக் கைக்கொள்ளுங்கள். ஒன்று, அலைவடிவம் காப்பாற்றப்பட்டால் குரல் சாவதில்லை. மற்றொன்று, ஒரு சொல்லின் பொருள் தெளிவின்றிப் போனால் காப்பாற்றிய குரலும் வேறொருவர் குரலாகிவிடும். என் உரை முழுதும் இவ்விரண்டின் விரிவே.

அலைவடிவம் என்பது யாது? குளத்தில் கல் எறிந்தால் நீர் உயர்ந்து தாழ்வதைக் கண்ணால் காண்கிறோம். காற்றில் ஒலி செல்லும்போது காற்று நெருங்குகிறது, விலகுகிறது. அது நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் விரைவில் பரவுகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒலிவாங்கி அந்நெருக்கத்தையும் விலகலையும் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. அவ்வேற்ற இறக்கத்தைக் காலத்திற்கு எதிராக வரைந்தால் கிடைக்கும் கோடே அலைவடிவம். கோட்டின் உயரம் வீச்சு. அஃது ஒலியின் வலிமை. நொடிக்கு எத்தனை முறை வடிவம் திரும்ப வருகிறது என்பது அதிர்வெண். அஃது ஒலியின் உயர்வு தாழ்வு. இனி, வீச்சும் அதிர்வெண்ணும் ஒன்றாயிருந்தும் குழலின் ஒலியும் நரம்பின் ஒலியும் வேறாகக் கேட்கின்றனவே, அஃது எதனால்? கோட்டின் வடிவத்தால்! வடிவமே ஒலியின் முகம்.

மின்னணுவியலார் நாள்தோறும் கையாளும் அடிப்படை வடிவங்கள் நான்கு. அவற்றின் பெயர்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும்.

முதலாவது, முனையும் மடிப்பும் இன்றி மெல்ல ஏறி மெல்ல இறங்கும் அலை. ஆங்கிலத்தில் இதனைச் சைன் அலை என்பர். நம் பாடநூல்களும் அவ்வாறே எழுதுகின்றன. சைன் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், ஆங்கிலேயரும் விழிப்பர்! வடநூலார் வட்டத்தின் வில்லையும் நாணையும் கருதி, நாண் எனப் பொருள்படும் சொல்லால் இவ்வளவையைக் குறித்தனர். அரபியர் அச்சொல்லைப் பொருள் பெயர்க்காமல் ஒலி பெயர்த்தனர். உயிர்க்குறி இன்றி எழுதப்பட்டதால், பின்வந்தோர் அதனை மடிப்பு, மார்புத் துணியின் வளைவு எனப் பொருள்படும் வேறோர் அரபுச் சொல்லாகப் படித்துவிட்டனர். 12-ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தவர்கள் அப்பிழைப் பொருளையே எடுத்துச் 'சைனசு' என்றனர். ஆக, உலகம் ஓதும் இச்சொல் ஒரு பிழையின் பிள்ளை. நமக்கு அப்பிழை எதற்கு? நாண் என்னும் சொல் நம் கையில் இருக்கிறது. யான் இதனை நாண் அலை என்றே வழங்குகிறேன். இசைக்கவையின் ஒலி ஏறத்தாழ நாண் அலை. நம் வீட்டு மின்னோட்டமும் நொடிக்கு 50 முறை அலையும் நாண் அலையே.

இரண்டாவது, உச்சியில் சிறிது நின்று, சட்டென வீழ்ந்து, அடியில் சிறிது நின்று, சட்டென எழும் அலை. பாடநூல்கள் சதுர அலை என்கின்றன. யான் கட்ட அலை என்பேன். 'உண்டு, இல்லை' என்னும் இரண்டே நிலை கொண்டது இது. கணிப்பொறியின் நாடித்துடிப்பு இவ்வலையே. உங்கள் கைக்கடிகாரத்தின் உள்ளே குவார்ட்சுப் பளிங்குத் துண்டு ஒன்று நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண் ஏன்? 2-ஐ 15 முறை பெருக்கிய எண் அது. கட்ட அலையாக்கி 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். அவ்வளவே கடிகாரத்தின் கமுக்கம்! சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆன்சு கமேன்சிண்டு என்பவர் 1971-இல் வடிவமைத்த 555 என்னும் சில்லு, ஒரு மின்தேக்கியை மின்கலத்தின் மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்திற்கும் மூன்றில் இரு பங்கு அழுத்தத்திற்கும் இடையே நிரப்பியும் வடித்தும் கட்ட அலையைத் தருகிறது. மின்னணுவியல் கற்கும் மாணவன் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் அச்சில்லையே.

மூன்றாவது, நேர்க்கோடாகச் சாய்ந்து ஏறி, அவ்வாறே சாய்ந்து இறங்கும் முக்கோண அலை. இன்றைய கைப்பேசிகளிலும் சிறிய ஒலிபெருக்கிகளிலும் இதற்கு ஒரு சிறப்பு வேலை உண்டு. பேச்சின் அலையை விரைந்த முக்கோண அலையோடு ஒப்பிட்டு, எது உயர்ந்தது என்று பார்த்து, 'உண்டு, இல்லை' எனத் துடிப்புகளாக்கும் முறை ஒன்று இருக்கிறது. பேச்சின் வீச்சு மிகுந்தால் துடிப்பின் அகலம் மிகும். திரிதடையம் முழுதும் திறந்தோ முழுதும் மூடியோ இருப்பதால் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மிகக் குறைவு. சிறிய மின்கலம் நெடுநேரம் பாட இதுவும் ஒரு கரணியம்.

நான்காவது, மெல்லச் சாய்ந்து ஏறிச் சட்டென வீழும் அலை. இதனைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

என் கடையில் தொழில் பழக ஓர் இளைஞன் வந்தான். தச்சர் மகன். அக்காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டியில் மின்னணுக் கதிர் திரையை மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் தடவிப் படம் தீட்டும். இடமிருந்து வலமாக நொடிக்கு 15,625 முறை. மேலிருந்து கீழாக நொடிக்கு 50 முறை. மெல்ல இழுத்துச் சென்று சட்டென மீட்டு வரும் அவ்வேலையைச் செய்வது இந்நான்காவது அலை. ஒரு நாள், திரையின் நடுவே ஒரே ஒரு வெண்கோடு மட்டும் தெரியும் பெட்டி ஒன்று வந்தது. பழுது யாது என்று கேட்டேன். "சாடூத்து வேவு நின்றுபோயிற்று ஐயா" என்றான். விடை செம்மையானது. "சாடூத்து என்றால் என்ன தம்பி?" என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. மூன்றாண்டுகள் தொழிற்கல்வி பயின்று, தேர்வில் எழுதி வென்றவன்! அஃது ஓர் அறிஞரின் பெயர் என்று எண்ணியிருந்தானாம்.

யான் ஒரு தாளில் அவ்வலையை வரைந்து, "உன் தந்தையார் கையில் உள்ள அரம்பத்தின் பல் இது" என்றேன். அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் நகைத்தான், பின்னர் அவன் கண் கலங்கிற்று. "இதை ஏன் ஐயா எவரும் எனக்குச் சொல்லவில்லை?" என்றான்.

அக்கேள்விக்கு யார் விடை சொல்வது? பிறந்த நாள் முதல் அவன் வீட்டுச் சுவரில் தொங்கிய கருவி அது. அதன் ஓசையில் உறங்கி எழுந்தவன் அவன். ஆங்கிலச் சிறுவனுக்கு அச்சொல் ஒரு படம்; தமிழ்ச் சிறுவனுக்கு வெறும் ஓசை. அவன் அறிவு குறைந்தவன் அல்லன். அவன் வீட்டுப் பொருளையே அவன் அறியாத பெயரில் கொடுத்து, அறிவியல் வேறு எவருடைய உடைமையோ என்று அவனை நம்ப வைத்தோம். அரம்பப்பல் அலை என்று முதல் நாளே சொல்லியிருந்தால் படம் வரையவும் தேவையிருந்திராது. தனித்தமிழ் என்பது வெறும் சொல்வெறி என்று நம்மை எள்ளுவோர்க்கு அவன் கலங்கிய கண்களே என் மறுமொழி.

இனி, இந்நான்கு வடிவங்களையும் ஒன்றாகக் கட்டும் கயிறு ஒன்று உண்டு. பூரியே என்னும் பிரெஞ்சு அறிஞர், வெப்பம் பரவுவதை ஆய்ந்து 1822-இல் வெளியிட்ட நூலில் அதனை விளக்கினார். திரும்பத் திரும்ப வரும் எந்த வடிவத்தையும் நாண் அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்பது அவர் கண்ட நெறி. அடிப்படை அதிர்வெண் 100 என்றால், அதன் மடங்குகளாகிய 200, 300, 400 முதலிய அதிர்வெண்களில் உள்ள நாண் அலைகளை வேண்டிய அளவில் கூட்டினால் வேண்டிய வடிவம் வரும். அரம்பப்பல் அலையில் எல்லா மடங்குகளும் உள்ளன. இரண்டாவது பாதி வீச்சு, மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு என்று அவை குறைந்து செல்லும். கட்ட அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே உள்ளன. முக்கோண அலையிலும் ஒற்றைப்படையே. ஆனால் மூன்றாவது ஒன்பதில் ஒரு பங்கு, ஐந்தாவது இருபத்தைந்தில் ஒரு பங்கு என விரைந்து தேயும். அதனால்தான் முக்கோண அலை குழல் போல் மென்மையாகவும், அரம்பப்பல் அலை வில் இழுத்த நரம்பு போல் செறிவாகவும் கேட்கின்றன.

வில் இழுத்த நரம்பு என்றேன். அஃது உவமை மட்டும் அன்று. வில் நரம்பைப் பற்றி இழுக்கிறது, ஓர் எல்லையில் நரம்பு நழுவித் திரும்புகிறது, மீண்டும் பற்றுகிறது. மெல்ல ஏறிச் சட்டென வீழும் அரம்பப்பல் இயல்பு அங்கே இருக்கிறது. இதனைச் செருமானிய அறிஞர் கெல்மோல்ட்சு 1860-களில் கண்டார். அதனை மேலும் விரிவாக ஆய்ந்து 1918-இல் நூலாக்கியவர் யார்? திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த ச. வெ. இராமன்! ஒளிச்சிதறலுக்காக நோபெல் பரிசு பெற்ற அதே இராமன். 1920-இல் நம் மத்தளத்தையும் அவர் ஆய்ந்தார். வெறும் தோல் அதிர்ந்தால் எழும் ஒலிகள் ஒன்றற்கொன்று மடங்காக அமைவதில்லை. அதனால் அவை இசையாவதில்லை. மத்தளத்தின் வலந்தலையில் நடுவே அப்பும் கருஞ்சாந்து, அவ்வதிர்வுகளை மடங்குகளாக ஒழுங்குபடுத்தி இசையாக்குகிறது என்று அவர் காட்டினார். பூரியேயின் கணக்கு அறியாமலே நம் கைவினைஞர் காதால் கேட்டுக் கேட்டுக் கண்ட உண்மை அது. அவ்வாய்வுகள் வெளிவந்தது ஆங்கிலத்தில். மத்தளம் கட்டும் தமிழனுக்கு அவற்றை அவன் மொழியில் சொல்லியவர் எத்தனை பேர்?

மாந்தன் குரலும் இவ்வாறே. தொண்டையில் உள்ள குரல் மடிப்புகள், ஆடவர்க்கு நொடிக்கு நூற்றுக்குச் சிறிது மேலும், பெண்டிர்க்கு இருநூறு அளவிலும் திறந்து மூடுகின்றன. அங்கே எழும் அலை ஏறத்தாழ அரம்பப்பல்லை ஒத்தது, மடங்குகள் நிறைந்தது. நாவும் உதடும் அண்ணமும் வடிப்பி போல் நின்று சில மடங்குகளைப் பெருக்கிச் சிலவற்றைக் குறைக்கின்றன. அவ்வாறு ஆகாரம் பிறக்கிறது, ஈகாரம் பிறக்கிறது. 1964-இல் அமெரிக்கர் மூகு என்பவர் ஆக்கிய செயற்கை இசைப்பொறியும் அரம்பப்பல் அலையையும் கட்ட அலையையும் வடிப்பியினூடே செலுத்தித்தான் பாடியது.

நம் தொல்காப்பியர் பிறப்பியலில், உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றால் வெவ்வேறு எழுத்தொலியாகும் எனக் கூறுகிறார். மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவுகோலாக்குகிறார். இதைக் கொண்டு, நம் முன்னோர் மின்னணுவியலும் அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவோர் சிலர் உளர். அன்பர்களே, அது வேண்டா! பொய்ப்பெருமை உண்மைப்பெருமையையும் கெடுக்கும். நம் முன்னோரிடம் மின்பொறி இல்லை. ஒலியை அளந்து வகுக்கும் உள்ளம் இருந்தது. அவ்வுள்ளத்தை நாம் தொடர்ந்தோமா என்பதே கேள்வி.

இனி அலை எண்ணாகும் முறைக்கு வருவோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அலையையும் அவ்வாறே இடைவிட்டு இடைவிட்டுப் பதம் பார்க்கலாம். அந்தந்த நொடிக்கூற்றில் அலையின் உயரம் எவ்வளவு என்று அளந்து எண்ணாக எழுதலாம். பாரிசில் பணியாற்றிய ஆங்கிலேயர் அலெக்கு இரீவ்சு 1937-இல் இம்முறையை வகுத்தார். நொடிக்கு எத்தனை பதம் வேண்டும்? நிக்குவிசுட்டு 1928-இலும், கோத்தெல்னிக்கோவு 1933-இலும், சானன் 1949-இலும் எழுதியவற்றின் சாரம் இது: அலையில் உள்ள மிகவுயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேல் பதம் எடுத்தால், இடையில் விட்டவற்றையும் சேர்த்து அலையை முழுமையாக மீட்கலாம். விட்டுவிட்டு எடுத்தோமே, ஏதோ இழந்திருப்போம் என்று தோன்றும். அவ்வெல்லைக்குள் எதுவும் இழப்பதில்லை. வியப்பான உண்மை இது!

மாந்தச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 அதிர்வு வரை கேட்கும். 1982-இல் வெளிவந்த குறுந்தகடு நொடிக்கு 44,100 பதம் எடுக்கிறது. அந்த எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. அந்நாளில் எண்ணாக்கிய ஒலியைத் தொலைக்காட்சிப் படப்பதிவு இழையில் எழுதினர், ஒரு கோட்டுக்கு 3 பதம், ஒரு புலத்துக்கு 245 கோடு, நொடிக்கு 60 புலம், பெருக்கினால் 44,100. ஒவ்வொரு பதத்தின் உயரமும் 16 இடங்கள் கொண்ட இரும எண்ணாக, 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. ஓரிடம் கூட்டினால் படிகள் இரு மடங்காகும், பிழை பாதியாகும். தொலைபேசிக்கோ இத்துணை வேண்டா என்று முடிவு செய்தனர்; 300 முதல் 3,400 அதிர்வு வரை மட்டும் விட்டு, நொடிக்கு 8,000 பதமும் 8 இடங்களும் போதும் என்றனர்.

இங்கே இரண்டு கேடுகள் உள்ளன. இரண்டும் நம்மைத் தொடுவன.

முதற்கேடு, பதம் போதாமை. 8,000 பதம் எடுக்கும் கருவியில் 5,000 அதிர்வுள்ள ஒலியை வடிகட்டாமல் விட்டால், அது 3,000 அதிர்வுள்ள ஒலியாக மாறி வெளிவரும். திரைப்படத்தில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றுவதில்லையா? அதுபோன்ற பொய்யுரு இது. ஒருமுறை புகுந்துவிட்டால் மெய்யையும் பொய்யையும் பிரிக்க இயலாது. ஆகவே பதம் எடுக்கும் முன்னரே வடிப்பி வைத்தல் வேண்டும்.

இரண்டாம் கேடு, உச்சி வெட்டுண்ணல். 16 இட எண்ணில் மேல்நோக்கி 32,767 வரையே படிகள் உண்டு. அதற்கு மேல் குரல் உயர்ந்தால் எழுத இடமில்லை. அலையின் உச்சி வெட்டுண்டு தட்டையாகிறது. வளைந்த அலை கட்ட அலையாகிறது. பேசியவர் வாயில் இல்லாத மடங்குகள் புகுந்து கரகரக்கின்றன. நம் விழா மேடைகளில் ஒலிபெருக்கி அலறுவது பெரும்பாலும் இதனால்தான்.

இதனை யான் நூலில் மட்டும் படித்து அறிந்தவன் அல்லன். 1983-இல் என் ஆசான் ஒருவர், எனக்குத் தமிழ் ஊட்டிய புலவர், ஒரு சிற்றூரில் இரண்டு மணி நேரம் பேசினார். ஒலிப்பேழையில் பதியும் பொறுப்பு என்னுடையது. குரல் நன்கு விழ வேண்டும் என்னும் ஆர்வத்தால் அளவுக்குமிகுந்து திறந்து வைத்தேன். அவர் உணர்ச்சியோடு குரல் உயர்த்திய இடமெல்லாம் உச்சி வெட்டுண்டு போயிற்று. மெல்லப் பேசிய இடங்கள் தெளிவாக உள்ளன. நெஞ்சு கொதித்துப் பேசிய இடங்கள் வெறும் இரைச்சலாக உள்ளன. மறு ஆண்டு அவர் மறைந்தார். அப்பேழையை அலைகாட்டியில் இட்டுப் பார்த்திருக்கிறேன். அரிந்த உச்சிகள் வரிசையாக நிற்கும். எக்கணக்காலும் அவற்றை முழுதும் மீட்க இயலாது. எழுதப்படாததை எவர் படிப்பார்? அப்பிழை என்னுடையது, அதனை இங்கே சொல்வது, நீங்கள் அதனைச் செய்யாமல் இருக்கவே.

பெருமக்களே! 1970-களிலும் 1980-களிலும் நம் தலைவர்களும் புலவர்களும் நாட்டுப்புறப் பாடகர்களும் பேசியும் பாடியும் பதிந்த ஒலிப்பேழைகள் எத்தனை வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன! ஈரமும் வெப்பமும் காந்த இழையைக் கெடுக்கின்றன. ஓட்டும் பொறிகளும் அருகி வருகின்றன. இசுக்காட்டின் கரித்தாள் 148 ஆண்டு காத்திருந்தது. நம் பேழைகள் அவ்வாறு காத்திரா. இன்றே அவற்றை எண்ணாக்குக. நொடிக்கு 48,000 பதத்திற்குக் குறையாமல், இயன்றால் 96,000 பதமும் 24 இடங்களும் கொள்க. உச்சி வெட்டுண்ணாதபடி அளவைத் தாழ்த்தி வைக்க. 24 இடங்கள் இருக்கும்போது தாழ்த்தி வைப்பதால் குறையொன்றும் நேராது. செவி அறியாது என்று சில கூறுகளைக் கழித்துச் சுருக்கும் கோப்புகளில் மூலத்தை வைக்க வேண்டா. சுருக்காத வேவ் கோப்பிலேயே வைக்க. 1991-இல் வந்த அக்கோப்பு வகையின் பெயருக்கும் அலை என்பதே பொருள். இவ்வாறு பதிந்த ஒருவழி ஒலி, ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ ஒரு கிகாபைட்டு கொள்ளும். விரல்நக அளவுச் சில்லில் பல மாலைகளின் பேச்சு அடங்கும். யார் பேசியது, எந்த ஊர், எந்த நாள் என்பவற்றையும் தவறாமல் எழுதி வைக்க. இசைக்கவையின் அளவு விளங்காமையால் ஆண் பெண்ணானதை நினைவிற் கொள்க!

மற்றொன்றும் உண்டு. இன்று பொறிகள் பேச்சைக் கேட்டு எழுதுகின்றன, மறுமொழியும் சொல்கின்றன. அவை மொழியை இலக்கண நூலில் கற்பதில்லை. பதிந்து கொடுத்த அலைவடிவங்களில் கற்கின்றன. எம்மொழியின் அலை மிகுதியாகக் கொடுக்கப்பட்டதோ அம்மொழியை நன்கு அறியும். 1999-இல் அமெரிக்க ஒலியியல் கழக இதழில், தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தொலிகளைப் பற்றிய ஆய்வொன்று வெளிவந்தது. நா வளைவதைப் படமெடுத்து, அலையின் கூறுகளையும் அளந்தனர். ழகரத்தை ஒலிக்கும்போது வாயறையின் மூன்றாம் ஒலிமுகடு நன்கு தாழ்ந்து இரண்டாவதை நெருங்குகிறது. நாம் சிறப்பெழுத்து என்று போற்றுவது அலையில் அளந்து காட்டத்தக்க ஒரு மெய்ம்மை! ஆனால் அதனைப் பேசுவோர் வாயில் அம்முகடு தாழாவிட்டால், பதியும் பொறியும் அதனை அறியாது. பொறியைக் குறை சொல்லிப் பயனில்லை. நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும், உழவர் குரலும் மீனவர் குரலும் அலையாகப் பதியப்பட்டால்தான் நாளைய பொறி அவர்களுக்கும் செவி கொடுக்கும். பதியாத குரல் அப்பொறிக்கு ஊமை.

ஆதலின் மாணவர்களே, உங்களிடம் யான் வேண்டுவன மூன்று. உங்கள் ஊரில் ஒரு பேழையையேனும் தேடி எடுத்து எண்ணாக்குங்கள். உங்கள் வீட்டு முதியவர் ஒருவரின் பேச்சை உச்சி வெட்டாமல் பதியுங்கள். கற்ற ஒவ்வொன்றையும், அரம்பம் பிடித்த தந்தையின் மகனுக்கு விளங்கும் தமிழில் ஒருமுறையேனும் சொல்லுங்கள்.

அந்தத் தச்சர் மகன் இன்று சொந்தக் கடை வைத்திருக்கிறான். அவனிடம் தொழில் பழகும் பிள்ளைகளுக்கு முதல் நாள் பாடமாக, தன் தந்தையின் பழைய அரம்பத்தைச் சுவரிலிருந்து எடுத்துக் காட்டுகிறானாம். அதனைக் கேட்ட நாளில் எனக்குண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை.

 வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!